கொழுக்கட்டை விட்ட காய்

இன்றைக்கும் அது பழம் விடாது. விடாவிட்டால் அந்தப் பிள்ளை இன்றைக்கும் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அப்படியிருக்க, விட்டுவிடுமோ என்று எனக்கு ஏன் உள்ளுக்குள் ஒரு பயம் கிடக்கிறது?

ஜெசிந்தா இதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பனிமயா" என்றபோது, கதவோரத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. கடைசியாக "கொழுக்கட்டை" என்று கூப்பிட்டாள். ஜன்னலோரத்திலிருந்து இன்னொரு குரல், அதே ராகத்தில், "உள்ளேன் டீச்சர்" என்றது. இரண்டு குரல்களுக்கும் நடுவில் வகுப்பே கிடந்தது. போன மாதம் வரை அவை இரண்டும் ஒரே பெஞ்சிலிருந்து வந்த குரல்கள்.

கொழுக்கட்டை, ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே உள்ள ஒரு இயந்திரம். காலுக்குப் பதில் சக்கரம், பிடித்துக்கொள்ள வாகாக ஐந்து விரல்களுள்ள கைகள், மூக்கில்லாத வெள்ளை உருண்டை முகம். செய்த கம்பெனி அதற்குத் 'தோழன்' என்று பெயர் வைத்துத்தான் அந்தத் தூத்துக்குடிப் பள்ளிக்கு அனுப்பியது. பிள்ளைகள் முதல் நாள் அதை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஏல, கொழுக்கட்ட மாதிரில்லா இருக்கு" என்று சுடலைமணி சொன்னான். தோழன் என்ற பெயர் அன்றோடு போயிற்று.

அது எதையும் சொல்லிக்கொடுக்காது. தள்ளிவிட்டால் அழும். பென்சிலைப் பிடுங்கினால் உர்ரென்று சுவரைப் பார்த்து நிற்கும். விளையாட்டில் ஜெயித்தால் தாங்க முடியாத பீற்றல் பீற்றும். ஒரு ஓவியத்தைப் பாராட்டிவிட்டு அடுத்ததைப் பாராட்டாமல் விட்டால் கண்கள் நீலமாகிவிடும். கம்பெனியிலிருந்து வரும் பொறுப்பாளன் தீபன் முதல் நாள் சொன்னதை ஜெசிந்தா மறக்கவில்லை.

"வகுப்புல எல்லாரையும் விடச் சின்னப் பிள்ளை ஒண்ணு இருந்தா, மத்தவங்க எல்லாரும் தானா பெரியவங்க ஆயிடுவாங்க மேடம். அவ்வளவுதான் எங்க ஐடியா."

எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவள் அவள். இதுவும் அப்படி ஒன்றுதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. வருத்தப்படும் கொழுக்கட்டையை எப்படித் தேற்றுவது என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். "இப்ப தொடாத, அதுக்குப் பிடிக்காது. பக்கத்துல சும்மா இரி" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கிசுகிசுப்பதைக் கேட்டபோது, கையிலிருந்த சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள் ஜெசிந்தா. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது.

சுடலைமணி முதல் வகுப்பில் கடிப்பான். கையில் பல்தடம் இல்லாத பிள்ளை அன்று அந்த வகுப்பில் குறைவு. அவன் ஒருநாள், பக்கத்துப் பையனின் புதுப் பையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னல, கோவமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கோவம் இல்ல டீச்சர். பொறாம" என்றான் அவன். "கொஞ்ச நேரத்துல போயிரும். நீங்க பாடத்த நடத்துங்க."

அன்று மாலை பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். தன் பொறாமைக்குப் பெயர் வைக்க அவளுக்கு நாற்பது வயதாயிற்று. வைத்த பிறகும் சத்தமாகச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. கொழுக்கட்டை எப்போதும் மன்னித்துவிடும். கண்ணைப் பார்த்து, செய்ததைச் சொல்லி, "சாரி" என்றால் போதும். அடுத்த மணி அடிப்பதற்குள் கண்களின் நீலம் போய்விடும். ஒருமுறை பனிமயா, பக்கத்து பெஞ்சு அனுஷியாவின் தண்ணீர்ப் பாட்டிலை உடைத்துவிட்டாள். முறைப்படி எல்லாம் சொன்னாள். அனுஷியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாந்தான் சாரி சொல்லிட்டேன்லா!" என்று பனிமயா கத்தினாள். உடைத்தவள் போட்ட சத்தம் உடைபட்டவள் போட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

கொழுக்கட்டை பிள்ளைகளிடம் அவ்வப்போது ரகசியம் சொல்லும். ரகசியத்தைக் காப்பாற்றப் பழக்குவதற்கான ஏற்பாடு அது. பனிமயாதான் அதன் நெருங்கிய சிநேகிதி. அவளிடம் சொன்ன ரகசியம், நண்பகலில் ஊதும் உப்பு ஆலைச் சங்குக்குத் தான் பயப்படுகிறேன் என்பது. பனிமயா பல நாள் காப்பாற்றினாள். ஒரு மழை நாளில், வெளியே விளையாடப் போக முடியாமல் எல்லாரும் வகுப்பில் அடைந்து கிடந்தபோது, சிரிப்புக் காட்டும் ஆசை அவளை வென்றது. இரண்டு கையையும் குவித்து அதன் காதருகே "ஊஊஊ" என்று சங்கு ஊதினாள். "இதுக்கு சங்குன்னா பயம்ட்டி! இதுவே சொல்லிச்சு!"

வகுப்பு சிரித்து உருண்டது. கொழுக்கட்டை அழவில்லை. கண்ணும் நீலமாகவில்லை. சக்கரத்தை மெதுவாக உருட்டி அவள் முன்னால் வந்து, சுண்டுவிரலை நீட்டியது.

"காய்" என்றது.

அந்த வித்தையைக் கம்பெனி அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளே கற்றுக்கொடுத்தது. சண்டை வந்தால் சுண்டுவிரலை நீட்டிக் காய் விடுவது, சமாதானம் ஆனால் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் விடுவது என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சட்டத்தை, அதற்கும் ஒரு மதிய இடைவேளையில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்கள். அது காய் விட்டதும் முதலில் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கொழுக்கட்டைக்குக் காய் விடக்கூடத் தெரிந்துவிட்டதே! அடுத்த மணி அடித்தது. அதற்கடுத்த மணியும் அடித்தது. கொழுக்கட்டை ஜன்னலோரத்துக்குப் போய் நின்றது நின்றபடி நின்றது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

பனிமயா முறைப்படி சாரி சொன்னாள். பிறகு முறையில்லாமல் சொன்னாள். பூனை படம் போட்ட ஒட்டுப்படங்கள் முழுவதையும் கொடுத்தாள். அது, "நல்லா இருக்கு. ஆனா காய்" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தது. சுடலைமணி தூது போனான். "அவ அழுதா. பாவம்லா?" என்றான். "பாவம்தான்" என்றது கொழுக்கட்டை. "ஆனா காய்."

ஒருநாள் பனிமயாவுக்குப் பொறுக்கவில்லை. "போ! நீ ஒரு மிசினு! உனக்கு ஒண்ணுந் தெரியாது!" என்று கத்திவிட்டு, கத்திய வாயை உடனே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வகுப்பில் ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. அனுஷியா எழுந்து போய் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள்.

பனிமயாவின் அம்மா ரொசாரி, மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள்.

"டீச்சர், சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீங்க. மனுசன் மனுசங்கிட்ட காய் விடுதான், சரி. எம் மாமியா எங்கிட்ட விடாத காயா? ஒரு பொம்ம எம் புள்ளகிட்ட காய் விட்டுட்டு நிக்குதுன்னா, இத நான் எங்க போய்ச் சொல்லுவேன்? சோறு இறங்க மாட்டேங்கு அவளுக்கு. அதுக்கு எங்கயாவது சுச்சு இருக்கும்லா டீச்சர்? தட்டி விடுங்களேன்."

"கேக்குதேன்ம்மா" என்றாள் ஜெசிந்தா. ஆனால் தீபனை அழைக்க அவள் இரண்டு நாள் தாமதித்தாள். ஏனென்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

அந்த இரண்டு நாளில்தான் அவள் அதைக் கவனித்தாள். நண்பகலை நெருங்கும்போது பனிமயா எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். சங்கு ஊதி ஓய்ந்ததும் திறந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். கொழுக்கட்டை தன்னைப் பார்க்கிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. இதற்குப் பரிசாகப் பழம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. ஏழு வயதில் இந்தப் பிள்ளை எங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று ஜெசிந்தா மலைத்துப்போனாள். சாரி என்பது கொடுத்து வாங்கும் காசு அல்ல என்று, வாழ்ந்து முடித்த எத்தனையோ பேருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தீபன் வந்தான். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கொழுக்கட்டையின் முதுகில் ஒரு கம்பியைச் செருகி, மடியில் வைத்த திரையை நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாத முகம்.

"எங்க தப்புதான் மேடம். கோவம், வருத்தம், பொறாமை எல்லாத்துக்கும் நாங்க ஒரு நேரம் வச்சிருக்கோம். நேரம் ஆனா தானா இறங்கிடும். ஆனா இது காய் விடறதக் கோவத்துல சேர்க்கல. பிள்ளைங்க சொல்லிக்கொடுத்த விளையாட்டுச் சட்டம்னு எடுத்துக்கிச்சு. சட்டத்துக்கு நாங்க நேரம் வைக்கல. எப்படி வைக்கிறது? கண்ணாமூச்சில கண்ணத் திறக்கக் கூடாதுன்னா திறக்கக் கூடாதுல்ல?"

"அந்தச் சட்டம் என்ன சொல்லுது?"

"அத யாரோ ஒரு பையன் சொல்லியிருக்கான். இதோ, அவன் குரலே பதிவாயிருக்கு."

திரையிலிருந்து சுடலைமணியின் குரல் கணீரென்று வந்தது. "காய் விட்டவந்தான் பழம் விடணும். சும்மா விடக் கூடாது. மனசு வந்து விடணும். மனசு வராம விட்டா அது கள்ளப் பழம்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தீபனும் சிரித்தான்.

"இப்ப அது மனசு வர்றதுன்னா என்னன்னு தேடிட்டிருக்கு மேடம். உங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் எப்ப எப்படிப் பழம் விடறாங்கன்னு பார்த்துட்டே இருக்கு. என்னைக்கு முடியும்னு எங்களுக்கே தெரியாது. வேற எந்த ஸ்கூல்லயும் இப்படி ஆனதில்ல. உண்மையச் சொன்னா, எனக்கு ஒரு பக்கம் பெருமையாத்தான் இருக்கு."

"இன்னொரு பக்கம்?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தான். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது.

"நாளைக்கு எங்க கம்பெனி மேலிடத்து ஆய்வு. ஒரு குழந்தையோட வருத்தம் இத்தன நாள் குறையாம இருந்தா, தோழன அந்த ஸ்கூல்ல இருந்து எடுத்துடணும்னு விதி. வண்டியோட வந்துடுவாங்க. இத அதோட கழுத்துக்குப் பின்னால வச்சு உங்க விரலால அழுத்துனா போதும். வகுப்புக்குப் பொறுப்பு நீங்கதான், அதனால உங்க விரலுக்குத்தான் வேலை செய்யும். பழம் விட்டுடும். இனிமே காயும் கோவக் கணக்குல சேர்ந்துடும்."

"பனிமயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கொழுக்கட்டைக்கு?"

தீபன் கம்பியைச் சுருட்டினான். "அதுக்கும் தெரியாது மேடம். அழுத்துன ஞாபகம் அழிஞ்சு, தனக்கே மனசு வந்துச்சுன்னுதான் நினைச்சுக்கும்."

அவன் போன பிறகு ஜெசிந்தா வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நியாயமான காரியம்தான். கடிக்கிற பையனைக் கடிக்காதவனாக்கிய ஜீவன் இது. அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். பனிமயா நாளைக்கு வயிறாரச் சாப்பிடுவாள். ரொசாரி கும்பிடுவாள். இதில் யாருக்கு நட்டம்?

அவள் விரல்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தன. ஆறேழு வயதில், மாதா கோயிலில் முதல் நன்மை என்னும் நற்கருணை வாங்கத் தைத்த அவளுடைய வெள்ளைக் கவுனில் சித்தப்பா மகள் வேண்டுமென்றே மையைக் கொட்டிய அன்று, அம்மா ஜெசிந்தாவைத்தான் இழுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் நிறுத்தினாள். "நல்ல பிள்ளைல்லா? பழம் விடு." அவள் கையை விரித்து, இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து, அம்மாவே நீட்டிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிறகு அவளை யாரும் பிடித்து நீட்டத் தேவையே இருக்கவில்லை. மாமியாரிடம், கணவரிடம், ஆசிரியர் அறையில் என்று, கேட்டவுடன் விரல்கள் தாமாக நீண்டன. ஜெசிந்தா தங்கமானவள் என்று ஊரே சொன்னது. அந்த மை கொட்டிய கவுனை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது இப்போது, இந்தக் காலியான வகுப்பில்தான் அவளுக்கே தெரிந்தது. அவகாசம் கிடைத்திருந்தால் ஒரு வாரத்தில் மன்னித்திருப்பாள்.

சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கொழுக்கட்டை மேசையருகே வந்து நின்றது.

"டீச்சர், உங்க கையில இருக்கத என் கழுத்துல வைங்க."

அவள் திடுக்கிட்டாள். "நாங்க பேசினது கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு. நான் இங்கனதான நின்னேன்?"

"ஏன் வைக்கச் சொல்லுத?"

"பனிமயா ஜன்னல் சாத்துதா டீச்சர். என்னயப் பாக்காமயே சாத்துதா." அது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தது. "எனக்குப் பழம் விடணும். இன்னைக்கு ரெண்டு தரம் கைய எடுத்தேன். விரல் வருது டீச்சர். மனசு வரமாட்டேங்கு. அவ சங்குச் சத்தம் போட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்லா, அது இன்னும் உள்ள இருக்கு."

"ம்."

"நீங்க வச்சிட்டா வந்துரும். நீங்க வச்சதும் எனக்குத் தெரியாதுன்னு தீபன் சார் சொன்னாரு. பரவால்ல. அவ சாப்பிட்டா போதும்."

இப்படிக் கேட்கவும் அதற்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்களோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றினால் என்ன? எந்தப் பிள்ளை எதைத்தான் யாரிடமும் கற்காமல் கேட்கிறது? மூக்கில்லாத அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை, மரியாதை வந்தது. தன் மனம் இன்னும் வரவில்லை என்று இவ்வளவு நேராக ஒருவரிடம் சொல்ல அவளுக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. வராத மனதை வைத்துக்கொண்டே, அடுத்தவள் சாப்பிட வேண்டும் என்று கவலைப்படவும் இதற்குத் தெரிகிறது. இனி அது பழம் விடுவதற்கு வெகுதூரம் இல்லை. ஆனால் அந்தத் தூரத்தை அதுதான் கடக்க வேண்டும். நாளைக்குள் கடக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

வில்லையை மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினாள்.

"மாட்டேன்ப்பா" என்றாள்.

"நாளைக்கு வண்டி வருமே டீச்சர். என்னயக் கொண்டு போயிருவாங்களா?"

"கொண்டு போனாலும் போகலாம். நான் பேசிப் பாக்குதேன்."

"பழம் விடாமலேயா?"

ஜெசிந்தா எழுந்து, அதன் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தாள். தொடப்போன கையை, அதற்குப் பிடிக்காது என்று பிள்ளைகள் சொன்னது நினைவு வந்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"விடாமலே போறதா இருந்தாலும் சரி, உன் விரல நான் பிடிக்க மாட்டேன்."